லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கம் முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்ய நினைக்கிறது. மானியம் கேட்பது எப்படி?

எண்பதுகளில் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்களை ஒலிப்பதிவு செய்து, ஒரு கண்காட்சியும் சிறு நூலும் கொண்டுவரப் பணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தட்டவேண்டிய கதவு, லொட்டரிப் பணத்திலிருந்து பாரம்பரியத் திட்டங்களுக்கு மானியம் தரும் நஷனல் லொட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்ட். 10,000 முதல் 250,000 பவுண் வரை ஒரே விண்ணப்பம்தான். கடைசித் தேதி கிடையாது, எப்போதும் போடலாம். முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் எட்டு வாரத்தில் முடிவு சொல்வார்கள். பத்தாயிரத்துக்குக் குறைவாக இப்போது கேட்க முடியாது. முதல் தடவை கேட்கும் சங்கத்துக்கு 30,000 முதல் 60,000 வரை பொருத்தமாக இருக்கும். அதற்கு மேல் போனால், அவ்வளவு பணத்தை இவர்களால் நடத்த முடியுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சிறிய விசாரணைப் படிவம் இருக்கிறது. கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். பத்து வேலைநாளுக்குள், இது தங்கள் வரம்புக்குள் வருகிறதா என்று எழுதுவார்கள். வராத ஒன்றுக்கு இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எது வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் அல்லது மத அமைப்பின் கொள்கையைப் பரப்பும் வேலைக்குப் பணம் இல்லை. இடப்பெயர்வையும் 1983 கலவரத்தையும் ஒருவர் தன் வாழ்க்கையாகச் சொல்வது பாரம்பரியம். அதையே பிரசாரத் துண்டறிக்கை போல எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ஊரில் இருக்கும் ஏடுகளையோ பழைய பத்திரிகைகளையோ டிஜிட்டல் ஆக்க இந்தப் பணத்தை நம்பாதீர்கள், இது பிரிட்டனில் உள்ள பாரம்பரியத்துக்கானது. வெளிநாடுகளில் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் தனியாக இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களை அதன் மூலம்தான் டிஜிட்டல் ஆக்கியது.

சங்கத்தின் தாள்களைப் பாருங்கள். பல சங்கங்கள் வழுக்குவது இங்கேதான். யாப்பு, அதாவது சங்கத்தின் அமைப்பு விதிகள், எழுத்தில் இருக்கவேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் உறுப்பினருக்குப் போகாது என்ற விதி அதில் இருக்கவேண்டும். நிர்வாகசபையில் இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத இரண்டு பேராவது வேண்டும். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், வேறு யாரும் இல்லை என்றால் சரிவராது. யாப்பில் உள்ள பெயரும் வங்கிக் கூற்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். யாப்பில் 'பழைய மாணவர் சங்கம், ஐக்கிய இராச்சியம்', வங்கியில் 'பழைய மாணவர் சங்கம், லண்டன்' என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். வங்கிகள் இதற்கு வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. எல்லோரும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் மண்டப வாடகைக்கும் பணம் போட்டுவிட்டு, கேட்டு எழுதும் வேலையை மறந்துவிடுவார்கள். முப்பது பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 45 மணி நேரப் பதிவு. பேச்சுத் தமிழை ஒரு மணி நேரம் கேட்டு முழுதாக எழுத எட்டு மணி நேரம் போகும். மொத்தம் 360 மணி. மணிக்கு 15 பவுண் என்றாலும் 5,400 பவுண், ஆங்கில மொழிபெயர்ப்பு இதில் சேராது. என் கருத்தில், பத்துப் பேரின் பதிவை மட்டும் முழுதாக எழுதி மொழிபெயர்த்து, முப்பதுக்கும் நிமிடக் குறிப்போடு ஆங்கிலச் சுருக்கம் செய்தால் போதும். '00:14:20 யாழ் தேவி ரயிலில் கொழும்புப் பயணம். 00:22:05 விமான நிலைய விசாரணை' என்ற அளவில் இருந்தாலே, தமிழ் தெரியாத ஆவணக் காப்பாளர் எதை எங்கே தேடுவது என்று கண்டுபிடிப்பார்.

பதிவுகளை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 'எங்கள் இணையத்தளத்தில் போடுவோம்' என்பது பதில் ஆகாது, டொமைன் புதுப்பிக்க மறந்தால் எல்லாம் போய்விடும். உங்கள் பரோவின் (உள்ளூராட்சி சபையின்) ஆவணக் காப்பகத்தோடு பேசி, ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். எந்தக் கோப்பு வடிவம், கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பு, அதாவது சுருக்காத ஒலிக்கோப்பு, கேட்பார்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். வாட்ஸ்அப் குரல்பதிவு உதவாது. பதிவு செய்யும் அறையில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வையுங்கள். குசினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் இரைச்சல் முழுப் பதிவிலும் கேட்கும்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்கவேண்டும், பதிவு முடிந்த பிறகு கையெழுத்து வாங்கவேண்டும். என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகுதானே ஒருவர் அதற்கு அனுமதி தர முடியும்? பிரிட்டன் சட்டப்படி சொன்ன வார்த்தைகளின் பதிப்புரிமை சொன்னவருக்கு உரியது, அதை எழுத்தில் வாங்காமல் நூலில் போட முடியாது. இன்னொரு சிக்கல், மானியப் பணத்தில் உருவாகும் டிஜிட்டல் ஆக்கங்களைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் பை (CC BY) 4.0 உரிமத்தில் திறந்துவிட வேண்டும். பெயர் குறிப்பிட்டால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும்கூட. தஞ்சம் கேட்ட கதையைச் சொல்லும் அம்மாவுக்கு இதை விளக்காமல் விடக்கூடாது. பயணத்தை ஒழுங்குசெய்த ஏஜென்சிக்காரர் பெயர், ஊரில் இருக்கும் உறவினர் பெயர் வந்த பகுதிகளை மூடிவைக்க விதிவிலக்குக் கேட்கலாம், காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

சம்பளம் தரும் வேலை இருந்தால் வெளிப்படையாக விளம்பரம் செய்து ஆள் எடுக்கவேண்டும், செயலாளரின் மகனை நேரே போட முடியாது. பத்தாயிரம் பவுணைத் தாண்டும் எந்தக் கொள்வனவுக்கும் மூன்று விலைப்பட்டியல் வேண்டும். தொண்டர்களின் நேரத்தைச் செலவாகக் கேட்காமல் பங்களிப்பாகத் தனியே காட்டுங்கள். 'தொடங்கலாம்' என்ற அனுமதி வருமுன் செய்த எந்தச் செலவும் திரும்பக் கிடைக்காது. ஆகவே வயதானவர் ஒருவரை அவசரமாகப் பதிவு செய்யவேண்டும் என்றால் சங்கப் பணத்தில் செய்துவிடுங்கள், அதை மானியக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு லட்சம் பவுணுக்கு உட்பட்ட மானியத்தில் பாதி தொடக்கத்திலும், நாற்பது வீதம் முதல் பாதியைச் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகும் வரும். கடைசிப் பத்து வீதம் நிறைவறிக்கையும் மதிப்பீட்டு அறிக்கையும் போன பிறகுதான். 48,000 பவுண் திட்டத்தில் அது 4,800. அது வரும்வரை அந்தத் தொகை சங்கக் கணக்கில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கடைசிக் கூலியைத்தான் நிறுத்திவைக்க வேண்டிவரும்.