ரத்தக்காட்டேரி நாவலைப் பதிப்பகம் எடுக்குமா?

எடுக்கும். பழசாகிப்போனது காட்டேரி இல்லை. கோட்டையும் கறுப்பு அங்கியும்தான். உங்கள் நாவலை "சலித்த கதை" என்று இரண்டு பதிப்பகங்கள் திருப்பியதற்கு அதன் முதல் அத்தியாயத்தில் வரும் ஓநாயே காரணமாக இருக்கலாம். பாம்பனில் நடக்கும் கதைக்குள் ஓநாய் எதற்கு? அது 1897-இல் வந்த டிராகுலா நாவலின் சாமான்.

காட்டேரியை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஊர் மிஞ்சுகிறதா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வீட்டில் கடன் ஏறும். பசித்த ஒன்று கரையேற இதைவிடப் பொருத்தமான காலம் ஏது! அந்த நாவலை வாசிக்க எனக்கே ஆசை.

1964 புயலில் தனுஷ்கோடியில் செத்தவர்களை மட்டும் பேயாக்காதீர்கள். அவர்கள் சொந்தபந்தம் இன்னும் இருக்கிறது.

சில பதிப்பகங்கள் பேய்க்கதையே போடுவதில்லை. அனுப்புமுன் அவர்களுடைய நூல் பட்டியலைப் பாருங்கள்.