கேம் உலகுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

பெங்களூருவில் வீடியோ கேம்களுக்கு உலகம் வடிவமைப்பது என் வேலை. அதைப் பற்றி எதையும் கேளுங்கள். கணினி வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

அல்சூர் வாசகர்: அக்கா, ஓர் உலகம் எப்போது உயிருள்ளதாகத் தோன்றுகிறது?

நாம் இல்லாவிட்டாலும் அங்கே காரியம் நடக்கும் என்று நம்பும்போது. 1999இல் வந்த 'ஷென்மூ' என்ற கேமில் கடைகளுக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. நம் ஊரையே பாருங்கள். மாலையில் மழை பிடித்ததும் இருசக்கர வண்டிகள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குகின்றன. ஒருவர் சீட்டைத் தூக்கி மழைக்கோட்டைத் தேடுகிறார். பின்னால் சாலை அடைத்துக்கொள்கிறது. பல கேம்களில் தரை பளபளக்க மழை பெய்யும், தெருவில் போகிறவன் மட்டும் அதே நடையில் போவான். நம்பிக்கை அங்கேயே போய்விடுகிறது.

ஜாலஹள்ளி வாசகர்: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: வரைபடம் பெரிதாக இருந்தால்தானே நம்ப முடியும்?

பரப்பளவைக் கண்டு மயங்காதீர்கள். 'யாகுசா' கேம் தொடரில் வரும் காமுரோச்சோ என்ற இடம், டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியைப் பார்த்து உருவான சில தெருக்கள்தான். அடுத்தடுத்த பாகங்களில் அதே தெருக்களுக்குத் திரும்புகிறோம். பழகிய இடத்தில் கடை மாறியிருப்பதைப் பார்த்ததும் காலம் ஓடியிருப்பது உறைக்கிறது.

ஒயிட்ஃபீல்டு புரோகிராமர்: கண்ணில் படாத பாத்திரங்களுக்கு அன்றாட அட்டவணை எழுதுவது வீண் வேலை.

இல்லை தம்பி. 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' கேமில் மூன்றாம் நாள் நிலவு ஊர்மேல் விழப்போகிறது. தபால்காரருக்குத் தப்பியோட ஆசைதான். அட்டவணையில் அது இல்லையே என்று தவிக்கிறார். அட்டவணையே அவருடைய குணம், அவருடைய சோகம்.

அதே புரோகிராமர்: அது சின்ன ஊர். ஆயிரம் பேர் என்றால் கணினி தாங்குமா?

ஆயிரம் பேரையும் முழுதாக இயக்கச் சொல்லவில்லை. தொலைவில் உள்ளவர் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பு போதும். ஆட்டக்காரர் நெருங்கும்போது அவரை அங்கே நிறுத்துங்கள். ஆனால், விளைவில்லாத அட்டவணை வீண் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். கடைக்காரர் வீட்டுக்குப் போனால் கடை பூட்டியிருக்க வேண்டும். பூட்டை உடைத்தவனிடம் மறுநாள் அவர் பழையபடி சிரித்துப் பேசக் கூடாது.

கோரமங்களா வாசகர்: பெரிய நகரம் ஒன்றை உருவாக்குகிறேன். எதில் தொடங்கட்டும்?

மறுபடியும் பரப்பளவா? ஒரே தெரு, அதில் ஒரு டீக்கடை. காலையில் திறக்கட்டும், பால் தீரட்டும், வந்தவர்கள் திரும்பிப் போகட்டும். அது ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்த தெருவைத் தொடுங்கள்.