புளுமேரியா: விதை வாங்கலாமா, குச்சி வாங்கலாமா? நட்ட குச்சி ஏன் அழுகுகிறது?

புளுமேரியா, அதாவது நம் ஊர் ஈழத்தலரி, வளர்ப்பது பற்றி வந்த கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது: சிவப்பும் மஞ்சளும் வேண்டும்; ஆன்லைனில் விதை மலிவு, குச்சி (நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டு) விலை கூடுதல், எதை வாங்குவது; நட்ட குச்சி துளிர்விட்ட பிறகும் ஏன் அழுகிப்போகிறது.

குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் குச்சி அல்லது ஒட்டுச்செடி (வேறொரு செடியின் அடிக்கட்டையில் ஒட்டி வளர்த்தது). எந்த நிறம் வந்தாலும் சரி, மூன்று வருடம் பொறுப்பேன் என்றால் விதை. புளுமேரியா விதை தாயைப் போலப் பூக்காது. சிவப்பு மரத்து விதையில் வெளிர்மஞ்சள் வரலாம், ரோஸ் வரலாம். ஒரே காயில் எடுத்த பத்து விதையும் பத்து விதமாகப் பூக்கலாம். ஆகவே ஒரு ரகத்தின் பெயரைப் போட்டு விதை விற்றால், அந்தப் பெயர் தாய்மரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நீலப் பூ, வானவில் பூ என்று படம் போட்டு விற்கும் பாக்கெட்டுகளை அப்படியே விட்டுவிடுங்கள். நீலப் புளுமேரியா என்று ஒன்று கிடையாது, அது கணினியில் நிறம் மாற்றிய படம்.

வாங்குமுன் இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கோயில்களிலும் பள்ளிக்கூட வளாகங்களிலும் நிற்கும் ஈழத்தலரி, அதாவது கள்ளிமந்தாரை, பெரும்பாலும் ரூப்ரா இனம். இலை நுனி கூராக இருக்கும், குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும். சிவப்பு, ரோஸ், மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான். இலை நுனி வட்டமாக, கரும்பச்சையாக, வருடம் முழுக்க இலையோடு நின்று வெள்ளையாகப் பூப்பது அப்டூசா, நர்சரியில் சிங்கப்பூர் வெள்ளை என்பார்கள். கரண்டி வடிவ இலையோடு கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ விடுவது பூடிகா. இது காய்ப்பதே அபூர்வம், ஆனால் குச்சி வைத்தால் சுலபமாகப் பிடிக்கும். பூடிகா விதை என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

வெள்ளை-மஞ்சள் ரூப்ராவுக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. தெருவில் யாராவது கிளை கழிக்கும்போது கேட்டு வாங்கினால் போதும். மற்ற நிறங்களுக்கு நர்சரி. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் மொத்த நர்சரிகளுக்குப் பேர்போன இடம், நம் ஊர் நர்சரிகளில் பலவும் அங்கிருந்து செடி இறக்குகின்றன. தாய்லாந்து ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடியாக வரும். அடர்சிவப்பு ரகங்கள் குச்சியில் வேர் பிடிக்க அடம்பிடிக்கும், அவற்றை ஒட்டாக வாங்குவதே புத்திசாலித்தனம். முடிந்தவரை பூவோடு இருக்கும்போது பார்த்து வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிக்கட்டை வளர்ந்து மேல் ரகத்தை அமுக்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் குச்சியோ விதையோ வரவழைக்க இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. "கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது குச்சி. கட்டைவிரல் பருமன், 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளம், பட்டை பச்சையாக இல்லாமல் சாம்பல் நிறத்துக்கு மாறியது, நுனி மொட்டு சேதமில்லாதது. இப்படிப்பட்ட நுனிக்கிளைதான் நல்லது. வெட்டியதும் வெள்ளைப் பால் சொட்டும். கண்ணிலோ தோலிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். இலைகளை அரை அங்குலக் காம்பு விட்டு நறுக்குங்கள், காம்பு தானாக உதிரும். பூங்கொத்து இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் பலரும் தவிர்க்கும் படி. குச்சியை உடனே நடக்கூடாது. மழை படாத, காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் சும்மா போட்டுவையுங்கள். வெட்டுவாயைப் பார்த்தால் ஆறியதா என்று தெரியும்: பால் காய்ந்து, சாம்பல்-பழுப்பாக, தக்கை போல இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியாது. லேசாகச் சுருங்கியிருந்தாலும் பயமில்லை, உள்ளே வேண்டிய நீர் இருக்கிறது.

மண் கலவை: இரண்டு பங்கு பெருமணல் அல்லது பெர்லைட் (நீர் தேங்காமல் இருக்கக் கலக்கும் வெள்ளைத் துகள்), ஒரு பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு. தொழு உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். ஆறு அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். வெட்டுவாயை வேர் ஊக்கித் தூளில் தொட்டு, 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் நட்டு, ஆடாமல் ஓர் ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆட ஆட, வரும் இளவேர் முறிந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு முறை நன்றாக நனைத்து, சூடான, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். அதன் பிறகு கலவை முழுக்கக் காய்ந்தால் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர்.

உங்கள் குச்சி துளிர்த்த பிறகு அழுகியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. முதல் இலைகள் குச்சியில் சேர்த்துவைத்த சத்தில் வருபவை, வேர் வந்ததற்கு அடையாளம் அல்ல. துளிரைப் பார்த்ததும் தினமும் ஊற்ற ஆரம்பிக்கிறோம். உறிஞ்ச வேர் இல்லாததால் தண்ணீர் தேங்கி அடிப்பகுதி அழுகுகிறது. மூன்று நான்கு இலை முழு அளவுக்கு விரிந்து வாடாமல் நிற்கும்போதுதான் வேர் பிடித்ததாக எண்ணலாம். அதற்கு ஆறு முதல் பத்து வாரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் அடியில் துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் நட்டு, வெளியே கறுப்புத் தாள் சுற்றிவைக்கலாம். தாளை விலக்கினால் வெள்ளை வேர் தெரியும், பிடுங்கிப் பார்க்கும் வேலை மிச்சம்.

காலமும் முக்கியம். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை, மரம் இலையுதிர்த்து நிற்கும்போது வெட்டினால் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த மாடியில் வைத்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

குச்சி சுருங்கியும் கெட்டியாக இருந்தால் அது வெறும் தாகம். அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கினால், அடி கறுத்திருந்தால் அழுகல். உருவியெடுத்து, உள்ளே பழுப்பு வளையம் துளியும் இல்லாமல் வெள்ளையாகத் தெரியும்வரை மேலே மேலே நறுக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும். பிறகு மறுபடி ஆறவைத்து நடலாம். நுனி வரை பழுப்பு ஏறியிருந்தால் குப்பைதான்.

விதைக்கு வருவோம். காய் ஜோடியாக, ஆட்டுக் கொம்பு மாதிரி வரும், முற்ற எட்டு முதல் பத்து மாதம் ஆகும். கறுத்து வெடிக்கும் முன்பே வலைப்பை கட்டிவிடுங்கள். விதைக்கு இறக்கை உண்டு, காற்றில் போய்விடும். பச்சையாகப் பறித்த காயில் முளைப்பு வராது. வாங்கும் விதையில் இறக்கையின் எதிர்முனை தடித்து, விரலில் உருட்டினால் கெட்டியாகத் தட்டுப்படவேண்டும். தட்டையாக இருந்தால் உள்ளே பருப்பு இல்லை. புது விதைதான் நன்றாக முளைக்கும், எப்போது காய் வெடித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நாற்றுத்தட்டில் தடித்த முனை கீழே, இறக்கை சற்று வெளியே தெரியும்படி செருகுங்கள். புது விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் இறக்கை தொப்பி போல இலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் கழன்றுவிடும். நாற்று திடீரென்று தண்டடியில் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல்: ஈரத்தைக் குறைத்து, காற்றும் காலை வெயிலும் படச்செய்யுங்கள். நான்கு இலை வந்ததும் தனித்தொட்டிக்கு மாற்றலாம்.

வளர்ந்த செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். செடி பூக்காததற்குப் பெரும்பாலும் நிழல் அல்லது யூரியாதான் காரணம். தழைச்சத்து கூடினால் இலையாக வளர்ந்துகொண்டே போகும். மழைக்காலத்தில் இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் துருநோய். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்ட்டில் போடவேண்டாம், மாலையில் இலைமேல் தண்ணீர் அடிக்கவேண்டாம். மார்கழியில் ரூப்ரா இலை எல்லாம் கொட்டிவிட்டால் செத்துவிட்டது என்று நினைத்து ஊற்றித் தள்ளாதீர்கள்; நுனி கெட்டியாக இருக்கும்வரை மாதம் ஒன்றிரண்டு முறை நனைத்தால் போதும், வெயில் ஏறும்போது தானாகத் துளிர்க்கும்.