ஆறரைக்கு வீடு, ஏழரைக்குள் டாக்கோ

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை முடிந்து வீடு சேர ஆறரை ஆகிவிடுகிறது. பிள்ளைகள் வீடியோவில் பார்த்துவிட்டு டாக்கோ வேண்டும் என்கிறார்கள். ஒருமுறை செய்தேன். ராஜ்மா வேகவே இல்லை, சோள மாவு ரொட்டி கல்லிலேயே நொறுங்கியது. பாக்கெட்டில் வரும் மொறுமொறு டாக்கோ ஓடு வாங்கிவிடலாமா? மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, பல்லும் சரியில்லை. வார நாளில் செய்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ஓடு வேண்டாம். வளைத்துப் பொரித்த அந்த ஓடு அமெரிக்காவில் பரவியது. மெக்சிகோவின் தெருக்கடைகளில் டாக்கோ என்றால் பெரும்பாலும் உள்ளங்கை அகல மெத்தென்ற மக்காச்சோள ரொட்டி, உள்ளே கொஞ்சம் பதார்த்தம், மேலே காரமும் புளிப்பும். மடித்துக் கையால் சாப்பிடுவார்கள். உங்கள் மாமியாருக்கும் அந்த மெத்தென்ற ரொட்டிதான் சரி.

ராஜ்மா வேகாததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை, ஊர்தான் காரணம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கரிலும் நேரம் கூட்ட வேண்டும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 5 சதவீதம் கூட்டுவது வழக்கமான கணக்கு. சமவெளியில் 20 நிமிடம் என்றால் உங்களுக்கு 24, 25 ஆகும். ஊறவைப்பதும் அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரில் ராஜ்மா மெதுவாகத்தான் ஊறும். வெந்நீர் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் ஒரு நச்சுப்பொருள் தங்கும். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், நடுவில் கெட்டியாக இருந்தால் மறுபடி குக்கரில் போடுங்கள்.

தக்காளி, புளி எதையும் வேகும்போது சேர்க்காதீர்கள். நான் ஊட்டிக்கு வந்த புதிதில் நேரம் மிச்சம் என்று தக்காளியையும் சேர்த்தே குக்கரில் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால் கூழாங்கல். புளிப்பு பயறின் தோலை இளக விடாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், பச்சை பட்டர் பீன்ஸ் கிடைக்கும் நாளில் ராஜ்மாவை மறந்துவிடுங்கள். ஊறவைக்க வேண்டாம். உரித்துப் போட்டால் மூன்று நான்கு விசிலில் வெண்ணெய் மாதிரி குழையும். என்னைக் கேட்டால் ராஜ்மாவைவிட இதுதான் ருசி.

அடுத்து ரொட்டி. கடையில் இரண்டு பாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கார்ன்ஃப்ளார் என்று வெள்ளையாக, விரலில் தேய்த்தால் கிறீச்சிடுவது வெறும் ஸ்டார்ச், சூப் கெட்டியாக்கப் போடுவது. உங்களுக்கு வேண்டியது மஞ்சளான மக்காச்சோள மாவு. அதுவும் கோதுமை மாதிரி இழுபடாது, ஏனென்றால் அதில் குளூட்டன் இல்லை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால் மாவு ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்தத் தானியத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கும். நம் கடை மாவுக்கு அந்தப் பக்குவம் செய்திருப்பதில்லை, அதனால்தான் விரிசல் விட்டது.

அதற்கு என் வழி இது. ஒரு கப் மக்காச்சோள மாவு, அரை கப் கோதுமை மாவு, உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையை, கழுவி வெட்டிய பால் கவர் இரண்டுக்கு நடுவில் வைத்து போளி தட்டுவதுபோலத் தட்டுங்கள். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம், எண்ணெய் வேண்டாம். சுட்டதும் தட்டில் போட்டீர்களானால் அந்தக் குளிரில் ஐந்தே நிமிடத்தில் அப்பளமாகிவிடும். ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் அடுக்குங்கள். உள்ளேயே ஆவி பிடித்து மடித்தால் உடையாத பதம் வரும். இதற்கும் பொழுதில்லாத நாளில் சப்பாத்தி, ராகி ரொட்டி எதுவானாலும் சரி, டாக்கோ கோபித்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பயறை மொத்தமாக வேகவைத்துவிடுங்கள். மூன்று நாளைக்கானது ஃப்ரிட்ஜில், மீதி ஃப்ரீசரில். வார நாளில் வந்ததும் மாவில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டு முகம் கழுவப் போகலாம். அப்புறம் ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், தட்டிய மலைப்பூண்டு, வெங்காயம், மிளகாய்த்தூள். பயறைப் போட்டுப் பாதியை மசியுங்கள், பாதி முழுதாக இருக்கட்டும். மசித்தது பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், ரொட்டியிலிருந்து உதிராது. இன்னொரு நாள் காளானும் முட்டையும். டாக்கோ மசாலா பாக்கெட் தேவையில்லை. அதில் உப்பு அதிகம். ஒருவருக்கு ஒரு நாளுக்கே 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

சல்சாவைப் பெரிதாக எண்ண வேண்டாம், சுட்ட தக்காளித் துவையல்தான். தீயில் காட்டித் தோலுரித்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்து இடியுங்கள். மரத்தக்காளி கிடைத்தால் இன்னும் நல்லது, எலுமிச்சைகூட வேண்டாம்.

கடிக்க மொறுமொறுவென்று ஏதாவது பச்சையாக வேண்டும். எல்லாரும் முட்டைக்கோஸ் போடுவார்கள், மேல் இலைகளை நீக்கிக் கழுவிப் போடலாம். நான் சௌசௌ போடுவேன். கீழ்ப்பழனி மலையில் பந்தல் பந்தலாகக் காய்க்கிற இந்தச் சௌசௌவின் பூர்விகமே மெக்சிகோ பக்கம்தான். இளங்காயாக எடுத்துத் தண்ணீருக்குள் பிடித்துத் தோல் சீவுங்கள், இல்லாவிட்டால் பிசின் விரலில் ஒட்டித் தோல் இழுக்கும். துருவி எலுமிச்சையும் உப்பும் பிசிறினால் போதும். பட்டர் ஃப்ரூட் பழுக்காமல் இருந்தால் அரிசிப் பானையில் புதையுங்கள், பழுத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ். க்ரீமுக்குப் பதில் துணியில் வடித்த தயிர்.

மாமியாருக்கு: ரொட்டி இரண்டோடு நிறுத்தி, பயறையும் காயையும் கூட்டிக் கொடுங்கள். மக்காச்சோளமும் மாவுச்சத்துதான், கூடவே சோறு வைத்தால் கணக்குத் தப்பும். சௌசௌவை அவருக்கு மட்டும் லேசாக வதக்கிக் கொடுக்கலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தால், முதல்முறை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். அதிகமாகக் காட்டினால் அடுத்த முறை ஒரே ரொட்டி. மாத்திரை, ஊசியை நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய ரொட்டியை மறுநாள் காலை கிழித்துப்போட்டு, மீந்த துவையலோடு வாணலியில் பிரட்டி மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். டிபன் பாக்ஸுக்கு அது போதும்.