சீரோவும் மஸ்டாங்கும் ஒரே வானத்தில்: கேள்வி பதில்

வார் தண்டர் என்ற இணைய விமானச் சண்டை விளையாட்டில் ஞாயிறு சாயங்காலம் நம்ம பசங்க எட்டுக்கு எட்டாக ஆடும் மேட்சுக்கு எந்தப் பக்கம் எந்த விமானம், டேங்கில் எவ்வளவு எரிபொருள் என்று பிரித்துக் கொடுப்பது மூன்று வருஷமாக என் பொறுப்பு. போன வாரம் இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய சீரோ பக்கம், அமெரிக்க மஸ்டாங்கிடம் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றதில் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து: இன்னாண்ணா இது, மஸ்டாங் மேலே இருந்து வரான், அடிக்கிறான், போயிடறான். சீரோவுக்குக் கொஞ்சம் வேகம் ஏத்தி விட்டா சரியாகிடாதா?

ஆகாது தம்பி. வேகத்தை ஏற்றினால் அது சீரோவே இல்லை. ஏ6எம்2 சீரோ சண்டைக்குக் கிளம்பும்போது சுமார் 2,400 கிலோ, இறக்கைப் பரப்பு 22.4 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்க வேண்டியது 107 கிலோதான். அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். சீரோ அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புவதற்குக் காரணம் இந்தக் குறைந்த சுமைதான். அதற்காக அது கொடுத்த விலையும் பெரியது. ஆரம்பகால சீரோவில் விமானிக்குக் கவசத் தகடு கிடையாது, துளை விழுந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் டேங்க் கிடையாது. வேகம் கூடக்கூட எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கை மடல்) இறுகிப்போய் விமானம் உருளவே மாட்டேன் என்னும். 1942-ல் அலாஸ்கா பக்கம் அகுட்டான் தீவில் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்த ஒரு சீரோவை அமெரிக்கர்கள் சரிசெய்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததும் இதைத்தான். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் அதன் எஞ்சின் விக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்தக் குறைகளையெல்லாம் துடைத்துவிட்டு வேகமும் கொடுத்தால் எதிரில் ஆடுபவன் எதை நம்பி ஆடுவான்? அதனால் நான் விமானத்தைத் தொடமாட்டேன், அது இறங்கும் சூழ்நிலையைத்தான் மாற்றுவேன். போன வாரம் இரண்டு பக்கத்துக்கும் 4,000 மீட்டரில் தொடக்கம் கொடுத்தது என் தவறு. அந்த உயரம் மஸ்டாங்குக்குப் பழக்கப்பட்ட வீடு. மலைகள் உள்ள வரைபடத்தில், தாழ்ந்த உயரத்தில், காக்க வேண்டிய இலக்கு ஒன்றையும் வைத்திருந்தால் அவன் கீழே வந்தே ஆக வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து: மேலே இருக்கிறவனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு சாதகம்?

உயரம் என்பது சேமித்து வைத்த வேகம். 300 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் 1,000 மீட்டர் இறங்கினால், காற்றின் இழுவையை விட்டுவிட்டுப் பார்த்தால், வேகம் 590-ஐத் தொடும். எஞ்சின் ஒரு துளி கூடுதலாக உழைக்காமலே இது நடக்கும். நம்ம ஊர் எருது விடும் விழாவில் காளைகளை ஒவ்வொன்றாக விட்டு, எத்தனை நொடியில் தூரத்தைக் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள், அங்கே ஒரே எண் போதும். சண்டை விமானத்துக்கு அப்படி ஒரே எண் கிடையாது. யார் யாரை எந்த உயரத்தில், எந்த வேகத்தில் சந்தித்தார்கள் என்பதைப் பொறுத்து அதே இரண்டு விமானங்களில் இன்று இது ஜெயிக்கும், நாளைக்கு அது ஜெயிக்கும்.

வாணியம்பாடியிலிருந்து: வார் தண்டரில் பிஆர் (பேட்டில் ரேட்டிங், எந்த விமானம் எதோடு மோதலாம் என்று சொல்லும் எண்) எப்படிப் போடுகிறார்கள்? சில விமானம் நல்லாவே இல்லை, ஆனா பிஆர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்ற மூன்று ஆட்ட முறைக்கும் தனித்தனி பிஆர். உன் விமானத்துக்கு மேலேயும் கீழேயும் 1.0 வரைக்கும் உள்ளவர்கள் ஒரே ஆட்டத்தில் வரலாம், அதாவது 4.0-ல் போனால் 5.0-ஐயும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த எண்ணை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் அதை வைத்து எவ்வளவு சாதித்தார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான். சிக்கலே இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கணக்கில் விமானத்தோடு சேர்ந்து ஆளும் அளக்கப்படுகிறான்.

நம்ம குழுவிலேயே பார். எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒருத்தர் பி-47 தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆட்டம் தொடங்கினதும் எதிரிக்கு முதுகைக் காட்டி வரைபடத்தின் ஓரத்துக்குப் போய், ஆறு நிமிஷம் யாரோடும் பேசாமல் ஏறிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் கீழே முட்டிக்கொண்டு வேகத்தையெல்லாம் இழந்து நிற்கும் நேரத்தில் மேலே இருந்து ஒரே பாய்ச்சல், எட்டு துப்பாக்கியும் ஒரு நொடி சேர்ந்து பேசும், திரும்பவே மாட்டார், அதே வேகத்தில் மறுபடி ஏறிவிடுவார். ஒரு வாரம் அவர் வரவில்லை, அதே பி-47-ஐ இரண்டு புதுப் பசங்களுக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் மரத்து உயரத்தில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரோடு வட்டம் சுற்றப் போய் மூன்றாவது நிமிஷமே விழுந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவனுக்கு இது இரண்டு வேறு விமானம் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் பேர் மட்டும் ஓட்டும் அபூர்வ விமானங்களின் பிஆர் ஏறுவதும் இப்படித்தான், அதை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் கைதேர்ந்தவர்கள். என்னைக் கேட்டால் ஒருத்தரே பல விமானங்களை ஓட்டின ஆட்டங்களை எடுத்து ஒப்பிட வேண்டும், அதுதான் நியாயம்.

ராணிப்பேட்டையிலிருந்து: எரிபொருளுக்கு எதுக்குண்ணா விதி? அவனவன் இஷ்டம்தானே?

விதி இல்லாவிட்டால் எல்லாரும் கடைசிச் சொட்டுவரை குறைத்துக்கொண்டு வருவான். மஸ்டாங் பி-51டி-யில் விமானி இருக்கைக்குப் பின்னால் 85 அமெரிக்க கேலன் கொள்ளும் டேங்க் ஒன்று இருக்கிறது, நிரப்பினால் சுமார் 230 கிலோ. அது நிறைந்திருக்கும்போது கனம் பின்னால் போய் விமானம் தள்ளாடும் என்பதால் நிஜப் போரில் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள். பெர்லின் வரை போய்வர வேண்டியவன் சுமந்த பாரம் அது. நம்ம ஆட்டத்தில் பத்து நிமிஷத்துக்கு மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் அந்தப் பாரம் இல்லாத ஒரு மஸ்டாங் கிடைத்துவிடுகிறது, எதிரில் குறைந்த தூரத்துக்கென்றே செய்த ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109-க்கு அந்த அளவுக்கு லாபம் கிடையாது. அதனால்தான் அமெரிக்க விமானங்களுக்குக் குறைந்தது பாதி டேங்க் என்று வைத்திருக்கிறேன், அதை மாற்றுவதாக இல்லை.

ஆம்பூரிலிருந்து: ஸ்பிட்ஃபயர் மார்க் 5-க்கு எதிரே ஜெர்மன்காரனோட எஃப்டபிள்யூ (ஃபோக்க-வுல்ஃப்) 190 விடறீங்களே, நியாயமா?

நிஜத்திலேயே நியாயமாக இல்லை. 1941 கடைசியில் 190 வந்தபோது மார்க் 5 வட்டம் திரும்புவதில் மட்டும்தான் முந்தியது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழிதவறி வேல்ஸில் பெம்பிரி தளத்திலேயே 190-ஐ இறக்கிவிட, பிரிட்டிஷார் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். அடுத்த மாதமே இரண்டு கட்ட சூப்பர்சார்ஜரோடு (உயரத்தில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) மார்க் 9 படையில் சேர்ந்தது. இனிமேல் 190-க்கு மார்க் 9, மார்க் 5 வேண்டும் என்பவர்களுக்கு ஓர் ஆள் கூடுதல்.

அரக்கோணத்திலிருந்து: கடற்படையோட ராஜாளி தளத்துக்குப் போகும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் தலைக்கு மேலே போறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான், எனக்கு ஜெட் ஆட்டம் வேணும். சோவியத் மிக்-15-க்கும் அமெரிக்க சேபருக்கும் துப்பாக்கி சமமா?

சமம் இல்லை தம்பி, ஆனாலும் அழகான ஜோடி. மிக்-15-ல் 37 மி.மீ. பீரங்கி ஒன்று, 23 மி.மீ. இரண்டு. 37-க்கு மொத்தமே 40 குண்டு, ஒன்று பட்டாலே போதும், ஆனால் மெதுவாகச் சுடும். சேபரில் ஆறு 12.7 மி.மீ. துப்பாக்கிகள், மழை மாதிரி கொட்டும், ஒரு குண்டின் அடி சின்னது. ஏறுவதில் மிக் கெட்டி, அதிவேகத்தில் பாயும்போது சேபரின் முழுதும் அசையும் வால் கை கொடுக்கும். பெரிய குண்டுவீச்சு விமானத்தை இலக்காக வைத்தால் மிக்குக்குச் சாதகம், போர் விமானங்கள் மட்டும் என்றால் சேபருக்கு. இரண்டையும் ஓர் ஆட்டம் விட்டு ஓர் ஆட்டம் வைக்கிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து: பிங் (இணையத் தாமதம், மில்லி நொடியில்) எகிறினா?

வைஃபையை விட்டு கேபிள் போடுங்க சார். பிங் 200-ஐத் தாண்டுகிறவர்களுக்கு வட்டச் சண்டை விமானம் தரமாட்டேன், மேலிருந்து பாயும் விமானம்தான்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, எனக்குச் சுடவே வராது, குண்டு போடறது பிடிக்கும். நான் வந்தா என் பக்கம் ஒரு ஆள் குறைஞ்ச மாதிரிதானா?

இல்லவே இல்லை தங்கச்சி. விழுந்த விமானத்தை மட்டும் எண்ணினால்தான் அப்படித் தோன்றும். நீ ஸ்டூக்கா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தில் பாலத்தை நோக்கிப் போனாலே எதிரியில் இரண்டு பேர் உன்னைத் தடுக்கக் கீழே இறங்க வேண்டும், அந்த இரண்டு பேரின் உயரம்தான் உன் பக்கத்துக்கு லாபம். வரும் ஞாயிறு நீ ஆற்காட்டுத் தம்பியின் பக்கம். ஆறு சீரோ உனக்குக் காவல், உனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்த ஜப்பானிய டி3ஏ குண்டுவீச்சு விமானம், எதிரில் ஏழு மஸ்டாங் மட்டும், தொடக்கம் 1,500 மீட்டர். ஆறரைக்கு எல்லாரும் வந்துவிடுங்கள்.