சுவர் காயும் நாள்தான் சைக்கிள் நாள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். இருபது வருடப் பழைய வீடு, சுண்ணாம்பு அடித்த சுவர். பொங்கலுக்குள் இரண்டு அறையையும் ஹாலையும் சுரண்டி, பட்டி (சுவரை மழமழப்பாக்கப் பூசும் மாவு) பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்டர் தை பிறந்த பிறகுதான் வருவேன் என்கிறார். அதனால் நானே இறங்கிவிட்டேன். ஜனவரி கடைசி ஞாயிறு 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) இருக்கிறது. சனிக்கிழமை சுவர் தேய்த்தால் ஞாயிறு சைக்கிளில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, விரல் மரத்துப்போகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிடவா?

பதில்: எதையும் விட வேண்டாம், சனிக்கிழமை வேலையை மாற்றுங்கள். சீலிங்கை அண்ணாந்து தேய்த்து அலுத்த கழுத்துத் தசைதான், மறுநாள் ஹேண்டில்பாரில் குனிந்தபடி சாலையைப் பார்க்கத் தலையைத் தூக்கிப் பிடிக்கிறது. மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால், ஸ்கிராப்பர் பிடி உள்ளங்கையில் அழுத்தும் அதே நரம்பைத்தான் ஹேண்டில்பாரும் அழுத்துகிறது. பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றுங்கள். சீலிங்குக்கு நீளக் கம்பு மாட்டிய தேய்ப்பான் வாங்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுங்கள். சுவரின் அடிப்பகுதிக்குக் குத்துக்கால் போடாமல் மணைப்பலகையில் உட்கார்ந்து செய்தால் முட்டி தப்பிக்கும்.

வாரத்தைச் சுவரே பிரித்துக் கொடுக்கும். திங்கள், செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம் சுரண்டுவதும் தேய்ப்பதும். புதன் மாலை முதல் கை, அதாவது முதல் பூச்சு, பட்டி. சனி மதியத்துக்குள் இரண்டாவது கை. அது காய்கிற ஞாயிறு முழுக்க நீங்கள் சாலையில். திங்கள் மாலை வந்து உப்புத்தாள் பிடிக்கலாம்: முதலில் 180 நம்பர், கடைசியில் அதைவிட நைசான 320. அடுத்த புதன் அந்த அறையில் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), பக்கத்து அறையில் பட்டி. இப்படிப் போனால் மூன்று வாரத்தில் மூன்று இடமும் பட்டி முடியும். நான்காவது வாரம் பெயின்ட்.

சுண்ணாம்பை உலர்வாகச் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டினால் தூள் பறக்காது. மாவு போல ஒட்டியிருப்பதை மிச்சம் வைத்து மேலே பட்டி பார்த்தால், பட்டி சுவரைப் பிடிக்காமல் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். பிறகு தகடு தகடாகக் கழன்று வரும். வடகிழக்கு மழை இப்போதுதான் ஓய்கிறது என்பதால் ஓதம் ஏறிய சுவர் எது என்று முதலில் பாருங்கள். ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வெள்ளை சிமென்ட் பட்டி என்றால் ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் தீர்கிற அளவு மட்டும் கலக்குங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அந்த இடம் பின்னால் உதிரும்.

ஜன்னல் கம்பி, கதவில் இருக்கும் பழைய ஆயில் பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம், அது நஞ்சு. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பெயின்ட் அதற்கு முந்தியது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, துடைத்த துணியைத் தூக்கி எறியுங்கள்.

தூசி வேலைக்கு என்95 மாஸ்க், கைக்குட்டை போதாது. தேய்த்த மறுநாள் காலை மூச்சு வாங்கும் பயிற்சி வேண்டாம். அதை வியாழக்கிழமை வையுங்கள்: இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 10 நிமிடம், 5 நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று முறை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஒரு மணி நேரம் மெதுவாக மிதித்தால் போதும். சுவர் தேய்த்ததைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது களைப்பை மட்டுமே தரும்.

ஞாயிறு தூரம் 70, 85, 100, 115 கி.மீ. என ஏறட்டும். பொங்கலை ஒட்டிய ஞாயிறு 130. இதைச் சிரமமில்லாமல் முடித்தால், 200 கி.மீ.க்குக் கொடுக்கும் 13 மணி 30 நிமிடம் தாராளம். கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். பாலக்காட்டுச் சாலையில் போகும்போது சுகமாக இருக்கும். மார்கழியில் கணவாய்க்குள் கிழக்குக் காற்று இறங்குவதால் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கை அலுத்திருக்கிற வாரங்களில் சூலூர், பல்லடம் பக்கம் கிளம்புங்கள். எதிர்காற்று முதலில் தீர்ந்துவிடும். வந்தபின் அன்றைக்கு ஏணி ஏறக் கூடாது. 100 கி.மீ. மிதித்த தொடை மூன்றாவது படியில் நடுங்கும்.

சைக்கிளைத் தேய்க்கும் அறையில் நிறுத்தாதீர்கள். பட்டித் தூள் செயின் எண்ணெயில் ஒட்டி, விரலால் தொட்டால் நறநறவென்று சாம்பல் நிறச் சாந்தாக வரும். அது செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் மேலே எண்ணெய் விடாமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள்.