டிரம்மில் வளர்வது யாருடைய பாக்டீரியா?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: “எங்கள் பழைய வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். செப்டிக் டேங்க் நாற்றம் தாங்கவில்லை. ஆய்வகத்தில் பல தலைமுறை பழக்கிய பாக்டீரியா என்று ஓர் ஏஜென்ட் ஒரு கேன் தந்தார். 200 லிட்டர் டிரம்மில் வெல்லத்தண்ணீரோடு கலந்து, வாரம் ஒருமுறை 180 லிட்டரை டேங்க்கில் ஊற்றிவிட்டு, மிச்சம் 20 லிட்டரில் புதிதாக வெல்லத்தண்ணீர் சேர்க்கச் சொன்னார். நாளாக நாளாக வீரியம் கூடுமாம். மார்கழியில் நாற்றம் குறைந்தது. தை பிறந்ததும் பழையபடி. எங்கே தவறு செய்கிறேன்?”

மார்கழியில் கல்யாணம் ஏது ஆச்சி? டேங்க்குக்கு ஒரு மாதம் ஓய்வு கிடைத்தது. பெயரை ஏஜென்ட் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. பாக்டீரியா பழகும். 1988 பிப்ரவரியில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற விஞ்ஞானி 12 குடுவைகளில் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதிய குளுக்கோஸ் நீரில் விடவேண்டும். அன்றாட வேலை இவ்வளவுதான். அந்த ஒரு பங்கு மறுபடி நூறாவதற்குள் ஆறரைத் தலைமுறை ஓடிவிடும். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சத்தை உறையவைத்தார்கள். பின்னால் பாட்டனை எழுப்பிப் பேரனோடு போட்டிக்கு விடலாம் அல்லவா? 20,000 தலைமுறை கழிந்தபோது பேரன்கள் சுமார் 70 சதவீதம் வேகமாக வளர்ந்தன.

எதில் வேகம் என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள். அதே குளுக்கோஸ் நீரில்! செல் இரண்டாகும்போது மரபணுவில் சில சமயம் எழுத்துப்பிழை விழும். எப்போதோ ஒரு பிழை அந்தச் சாப்பாட்டுக்கு வாகாக அமைந்தால், அந்தச் செல்லின் வாரிசுகள் குடுவையை நிரப்பிவிடும். அது அந்த இடத்துக்குத்தான் நல்ல மாற்றம். இன்னோர் இடத்தில் அதுவே நஷ்டமாகலாம். முதல் 2,000 தலைமுறைக்குள் 12 குடுவைகளும் ரைபோஸ் என்ற வேறொரு சர்க்கரையைத் தின்னும் திறனை இழந்தன. குடுவையில் ரைபோஸ் இல்லை. திறனைத் துறந்ததில் சிறு லாபம்கூட இருந்தது.

உங்கள் டிரம்மில் இருப்பது வெல்லம். வெல்லம் தின்று வளர்வது வெல்லம் தின்னத்தான் பழகும். கழிவைத் தின்னும் திறன் முதலில் இருந்திருந்தாலும் அதைக் காப்பாற்றி வைக்க அதற்கு என்ன அவசியம்? ஆனால் நிலைமை அவ்வளவு தூரம்கூடப் போயிருக்காது. வாரம் பத்து மடங்கு பெருகினால் மூன்று தலைமுறைக்குச் சற்று மேல். ஆண்டு முழுக்க 170 சொச்சம். அதற்கு வெகு முன்பே, வெல்லத்தோடு வந்த ஈஸ்ட்டும் பிற பாக்டீரியாவும் டிரம்மைப் பிடித்திருக்கும். இட்லி மாவுக்கு யார் விதை போடுகிறார்கள்? உளுந்தோடு வந்தவைதானே புளிக்கவைக்கின்றன! லென்ஸ்கியின் குடுவையில் வேண்டாத கிருமி நுழையாமல் காவல் உண்டு. உங்கள் டிரம் கொல்லையில் நிற்கிறது.

இவ்வளவும் சொன்னால் ஏஜென்ட்டுகள் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை நீட்டுவார்கள். என்னிடமே ஒருவர் நீட்டினார். லென்ஸ்கியின் ஒரு குடுவையில் பாக்டீரியா அதுவரை தொடாத சிட்ரேட் என்ற உப்பைத் தின்னக் கற்றுக்கொண்டது. அது உண்மை. ஆனால் 12 குடுவைகளில் ஒன்றில்தான், அதுவும் 31,000 தலைமுறைக்கு மேல் கழிந்து. சிட்ரேட் முதல் நாளிலிருந்தே அந்த நீரில் இருந்தது. அதை உள்ளே இழுக்கும் மரபணுவும் ஏற்கனவே இருந்தது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் மட்டும் தூங்கியது. அந்தத் துண்டு இரட்டித்து, விழித்திருக்கும் ஒரு பகுதிக்கு அருகே வந்து விழுந்தது. உறைந்த முன்னோர்களை எழுப்பி மறுபடி ஓடவிட்டபோது, பிற்காலத் தலைமுறைகளிலிருந்து தொடங்கியவற்றில்தான் திறன் மீண்டும் வந்தது, அதுவும் அபூர்வமாக. புதுமை முழுவதும் ஆக்சிஜன் உள்ள இடத்துக்கானது ஆச்சி. உங்கள் டேங்க்குக்குள் ஆக்சிஜனே கிடையாது. கட்டுரையை நீட்டியவருக்கு இதைச் சொன்னேன். அடுத்த கிராக்கியைப் பார்க்கப் போய்விட்டார்.

கேனைச் சோதிக்க ஆள் உண்டா என்கிறீர்களா? உரமாக விற்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாப் பொடியில் கிராமுக்கு ஐந்து கோடி உயிருள்ள செல் இருக்கவேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. டேங்க்கில் ஊற்றுவது உரமில்லையே! இதைக் கேட்டு மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். முதலாவது இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதை; மூன்றாவது முதலாவதைக் காட்டியபோது மத்தியான உணவு இடைவேளை.

டேங்க்குக்குப் பாக்டீரியாவை விலைக்கு வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு விருந்தாளியும் கோடிகோடியாகக் கொண்டுவந்து இறக்குகிறார். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஊரே திரண்டால், கசடு படிய நேரமில்லாமல் வெளியே தள்ளப்படும். கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். வீடுகளுக்கே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். உங்களுக்கு அதைவிட அடிக்கடி. ஆளை உள்ளே இறக்க விடாதீர்கள். விஷவாயு கொல்லும், கையால் கழிவு அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. கழிப்பறையில் ஆசிட் ஊற்றுவதை நிறுத்துங்கள். டேங்க்குக்கும் ஆகாது, ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆகாது.

டிரம்மில் மீதி இருப்பதைத் தண்ணீர் கலந்து கொல்லையில் தென்னைக்கு ஊற்றுங்கள். ஊருணியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரையைத் தின்று பெருகும் கிருமிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும்; காலையில் மீன் மிதக்கும்.